‘ஓர் உத்தியோகத்தர்’ ஆர்?

பொது முகாமைத்துவத் துறைக்குப் புதுசாய் வந்திருக்கிற பிள்ளையளுக்கு ஏதாவது எழுதித் தாங்கோ எண்டு உங்கடை துறைத் தலைவர் கொக்குவிலுக்கு, என்ரை வீட்டுக்கே வந்து கேட்டவர். அவரும் ஒரு காலத்திலை என்னட்டைப் படிச்ச ஆள்தான், இண்டைக்கும் என்னை மடம், மடம் எண்டுதான் கூப்பிடுவார். “மடம், கொள்கை வகுப்பைப் பற்றி, நிர்வாகச் சீர்திருத்தத்தைப் பற்றி, உங்கடை அனுபவத்திலை இருந்து...” எண்டு இழுத்தார். உதெல்லாம் நூலகத்திலை கிடக்கு, நான் எழுத மாட்டன் எண்டு சொல்லிப்போட்டன். ஓய்வு பெற்ற பிறகும் கோட்பாடுதான் எழுதவேணும் எண்டால் நான் ஓய்வு பெறாமலே இருந்திருக்கலாமே. ஒருநாள் நடந்த ஒரு விசயத்தை எழுதுறன் எண்டன். உடனை சரியெண்டார். மழை இருட்டிக்கொண்டு வந்தது, நான் என்னத்தைச் சொல்லியிருந்தாலும் அவர் சரியெண்டுதான் சொல்லியிருப்பார்.

வாசிக்க முந்தி ஒரு கண்டிப்பு. இதிலை வாற ஆக்களின்ரை உண்மையான பேர் ஒண்டும் வராது. ஊரும் வராது, ஆளைக் காட்டிக் குடுக்கிற விபரங்களையும் மாத்தித்தான் எழுதியிருக்கிறன். எங்கடை துறையிலை இருந்த இளம் விரிவுரையாளர் ஒருவரை மோகன் எண்டு சொல்லப்போறன், அவரின்ரை பேர் மோகன் இல்லை. “உது ஆராய் இருக்கும்?” எண்டு உங்களிலை சிலபேருக்கு இப்பவே மூளை ஓடத் தொடங்கியிருக்கும். ஓடும், எனக்குத் தெரியும். எங்கடை ஆக்களின்ரை பழக்கம் அப்பிடி. அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் நான் எழுதவே வந்தனான்.

எங்கடை ஊரிலை புதுசாய் ஒரு ஆளைக் கண்டால் நாங்கள் பேர் கேக்கிறேல்லை. “தம்பி எவ்விடம்?” எண்டுதான் முதல் கேக்கிறது. இடத்தைச் சொன்னால், கோயிலுக்குக் கிட்டவோ பள்ளிக்கூடத்துக்குக் கிட்டவோ எண்டு கேப்பம். அதையும் சொன்னால், “அப்ப ஆற்றை பிள்ளை?” அதோடை முடிஞ்சுது. பேரனார் ஆர், பெரியம்மா ஆரைக் கட்டினவ, தமையன் எந்த நாட்டிலை எண்டது வரைக்கும் எங்களுக்கு வந்திடும். பேரைக் கடைசியிலைதான் கேப்பம், சிலநேரம் கேக்கவும் மறந்துபோவம். ஒருமுறை எங்கடை மாணவி ஒருத்தியை நீர்வேலிக்கு அனுப்பினனான், வாழைத்தோட்டக்காரரிட்டைப் பசளை மானியத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வரச்சொல்லி. பிள்ளை பின்னேரம் திரும்பி வந்தாள். மானியத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஒரு வாழைக்குலையும் ஒரு கலியாணப் பேச்சும்தான் கொண்டு வந்தாள். அவள் கேள்வி கேக்கப் போனவள், தோட்டக்காரர் அவளைப் பேட்டி எடுத்து அனுப்பிப்போட்டார். நாங்கள் துறையிலை இருந்து வயிறு நோகச் சிரிச்சனாங்கள்.

அதே பழக்கம் ஒருநாள் எங்கடை கழுத்திலை கத்தியை வைச்சது. அண்டைக்கு ஒருத்தருக்கும் சிரிப்பு வரேல்லை.

அப்ப நாங்கள் செய்துகொண்டிருந்த ஆய்வு, கட்டி முடிச்சும் ஒருத்தரும் பாவிக்காத பொதுக் கட்டிடங்களைப் பற்றினது. எங்கடை யாழ்ப்பாணக் குடாநாட்டிலை உதுக்குப் பஞ்சமே? பூட்டுப் போட்ட சந்தை, பஸ் வராத பஸ் நிலையம், ஆள் போகாத வாசிகசாலை. அதிலை ஒண்டு வடக்குக் கரையிலை இருந்த மீன் கூறுற மண்டபம். கூறுறது எண்டால் ஏலம் போடுறது, கரைப்பக்கத்து ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நல்ல வடிவான மண்டபம், மாபிள் பதிச்ச மேடை, தண்ணிக் குழாய் எல்லாம் இருந்தது. ஆனால் வள்ளம் வந்து அடையிற இடத்திலை இருந்து அது நல்ல தூரம். மீனைத் தூக்கிக்கொண்டு சுடுமணலிலை அவ்வளவு தூரம் போக ஆருக்கு விசரே? சனம் முந்தி மாதிரி வள்ளத்தடியிலையே வைச்சுக் கூறிச்சுது. நாங்கள் போகேக்கை மண்டபத்துக்குள்ளை ஆடுகள் படுத்திருந்ததுகள்.

எங்கடை கேள்வி சின்னக் கேள்விதான். உந்த இடத்தை ஆர், எப்ப முடிவு செய்தது? திணைக்களத்து அறிக்கையிலை, “மக்கள் கலந்துரையாடலின் பின்னர் இடம் தெரிவு செய்யப்பட்டது” எண்டு எழுதியிருந்தது. கரையிலை போய்க் கேட்டால் ஆளாளுக்குச் சிரிச்சினம்.

உண்மையை எங்களுக்கு ஒழுங்காய்ச் சொன்னது ஒரு பெண் உத்தியோகத்தர். அவ அந்தக் கரையிலையே பிறந்து, படிச்சு, அரசாங்க வேலை எடுத்தவ. கன வருசம் குடாநாட்டுக்கு வெளியிலை, வன்னியிலை வேலை. தகப்பன் பாரிசவாதத்திலை விழுந்த பிறகு, ஆர் ஆரின்ரையோ காலிலை விழாத குறையாய்க் கெஞ்சி, ஊருக்கு மாற்றம் எடுத்துக்கொண்டு வந்தவ. வீட்டிலை அவவும் தகப்பனும்தான். விடியத் தகப்பனைத் துடைச்சு, சாப்பாடு தீத்தி, வேலைக்குப் போய், மத்தியானம் ஓடி வந்து பிரட்டிப் படுக்க வைச்சிட்டுத் திருப்பி ஓடுவா. அப்பிடிப்பட்ட மனிசி எங்களை இருத்தி வைச்சு, எல்லாம் சொன்னா. இடம் பிழையெண்டு அவ மேலிடத்துக்குச் சொல்லியிருக்கிறா. “உம்மடை வேலை சனத்தைக் கூட்டுறது, அதை மட்டும் பாரும்” எண்டு வாயை அடைச்சுப்போட்டினம்.

நாங்கள் எழும்பேக்கை அவ என்ரை கையைப் பிடிச்சா. “மடம், என்ரை பேர் வரக்கூடாது. வந்தால் என்னைத் திருப்பி வன்னிக்குத் தூக்கிப் போடுவினம். அப்பாவை ஆர் பாக்கிறது?”

“உங்கடை பேர் வராது” எண்டு நான் சொன்னனான். மோகனும் சொன்னவர். அறிக்கையிலை அவவின்ரை வார்த்தையளை ‘ஓர் உத்தியோகத்தர்’ எண்ட பேரிலை போட்டம். அவ்வளவுதான். ஆணோ பெண்ணோ, எந்தப் பிரிவு, என்ன பதவி எண்டு ஒண்டும் இல்லை. நெறிமுறைக் குழு பாத்து, மெத்தத் திருப்தி எண்டு அனுமதி தந்தது. வெளிநாட்டிலை அச்சடிச்ச முறையியல் புத்தகத்திலை எப்பிடிச் சொல்லியிருக்கோ அப்பிடியே செய்தம். அந்தப் புத்தகம் எழுதின ஆள் ஒருநாளும் எங்கடை கலியாண வீட்டுப் பந்தியிலை இருந்து சாப்பிட்டிருக்க மாட்டார்.

பிறகு யாழ்ப்பாண நகரத்திலை ஒரு மண்டபத்திலை செயலமர்வு வைச்சம். கட்டிடத்தைக் கட்டின திணைக்களத்துப் பணிப்பாளர் முன் வரிசையிலை. அவருக்குப் பின்னாலை அவரின்ரை ஆக்கள். அண்டைக்குக் காத்துக் கடுமை, கடலுக்குப் போகேலாது, அதாலை கரை ஆக்களும் கனபேர் வந்திருந்தவை. அவையின்ரை சங்கத் தலைவர், சொந்தமாய் வள்ளமும் வலையும் வைச்சிருக்கிற ஒரு சம்மாட்டியார், பெரிய குரல்காரன், வந்த நேரம் துவக்கம் “தேத்தண்ணி எப்ப?” எண்டு கேட்டுக்கொண்டே இருந்தவர். அந்த உத்தியோகத்தரும் வந்திருந்தா, அலுவலகம் அனுப்பினதாலை. பின் வரிசையிலை, யன்னலோடை இருந்தா. எங்களைத் தெரியாத ஆள் மாதிரித்தான் இருந்தா. நல்லதெண்டு நினைச்சன்.

நான்தான் அமர்வுக்குத் தலைமை. மோகன் கதைச்சார். பெடியன் கெட்டிக்காரன், சும்மா சொல்லக்கூடாது, பிசகில்லாமல் கொண்டு போனார். கடைசியிலை திரையிலை பெரிய எழுத்திலை அவவின்ரை வசனம் வந்தது. “கூட்டம் வைக்கேக்கை இடம் முடிவாகிட்டுது. சனத்திட்டைக் கேட்டது ஒரு கண்துடைப்பு.” அதுக்குக் கீழை, ஓர் உத்தியோகத்தர்.

சபையிலை ஒரு சலசலப்பு. பணிப்பாளர் கோவிப்பார் எண்டுதான் நான் எதிர்பாத்தனான், அதுக்கு மறுமொழியும் வைச்சிருந்தன். மனிசன் கோவிக்கேல்லை. சிரிச்சார். நல்ல அன்பான சிரிப்பு.

“தம்பி, நல்லாய்ச் செய்திருக்கிறீர். எனக்குச் சந்தோசம். ஒரு சின்னச் சந்தேகம். உந்த உத்தியோகத்தர் புதுசாய் வந்த ஆளோ? புதுசாய் வாறதுகள் ஒண்டும் தெரியாமல் வாயிலை வந்ததைச் சொல்லுதுகள், அதுக்காகக் கேக்கிறன்.”

மோகனுக்கு அது ஆய்வைப் பற்றின கேள்வி. தகவல் தந்த ஆளின்ரை தகுதியைக் கேக்கினம், தரவின்ரை நம்பகத்தன்மையைக் கேக்கினம் எண்டு நினைச்சுப்போட்டார். முகம் மலர்ந்து, “இல்லை சேர், நல்ல அனுபவம் உள்ளவர். வெளி மாவட்டத்திலையும் கன காலம் வேலை செய்தவர்” எண்டார்.

“ஓ, அப்ப வெளியாள். எங்கடை கரையைப் பற்றி வெளியாளுக்கு என்ன தெரியும், தம்பி?”

“வெளியாள் இல்லை சேர். அந்தக் கரையிலையே பிறந்து வளந்தவர்.”

பணிப்பாளருக்குப் பின்னாலை இருந்த ரெண்டு பேர் தலையோடை தலை முட்டிக் குசுகுசுத்தினம். கரை ஆக்களுக்கு முதல் மறுமொழியிலையே விளங்கியிருக்கும். நான் யன்னல் பக்கம் பாக்கக்கூடாது எண்டு மனதிலை நினைச்சுக்கொண்டே பாத்தன். அவ மடியிலை வைச்சிருந்த கைப்பையை ரெண்டு கையாலையும் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிலத்தைப் பாத்தபடி இருந்தா.

பணிப்பாளர் இன்னும் சிரிச்சுக்கொண்டுதான் இருந்தார். “அப்ப அவர் அந்தக் கூட்டத்திலையும் நிண்டிருக்கிறார்.”

“ஓம் சேர், கூட்டத்தை ஒழுங்கு பண்ணினதே...”

நான் மேசையிலை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினன். ஒலிவாங்கி கிரீச்செண்டு கத்திச்சுது. மோகன் திடுக்கிட்டுத் திரும்பினார். இன்னும் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் அவவின்ரை பேரைத் திரையிலை எழுதினது மாதிரித்தான்.

தட்டிப்போட்டன், சரி. இனி என்ன செய்யிறது? சபை முழுக்க என்னைப் பாக்குது. அந்தக் கொஞ்ச நேரத்திலை என்ரை தலைக்குள்ளை ஓடினதை நான் உங்களுக்குச் சொல்லவேணும், ஏனெண்டால் உங்களுக்கும் ஒருநாள் இப்பிடி வரும்.

முதல் யோசனை, “கேள்வி நேரம் முடிஞ்சுது, தேத்தண்ணிக்குப் போவம்.” அது பயந்த ஆளின்ரை வேலை. நான் மூடி மறைக்கிறன் எண்டது அவருக்கு விளங்கும். பணிப்பாளருக்கு அரைவாசிச் சந்தேகம் எண்டால், நான் கூட்டத்தை நிப்பாட்டினால் அது முழுசாகும்.

ரெண்டாவது யோசனை, பொய். பச்சைப் பொய். “மோகன் குழம்பிப்போனார், அந்த உத்தியோகத்தர் இப்ப ஓய்விலை” எண்டு சொல்லலாம். வாய் வரைக்கும் வந்திட்டுது. சத்தியமாய்ச் சொல்லுறன், பொய் சொல்லுறது பாவம் எண்டு நான் நிப்பாட்டேல்லை. அந்தப் பகுதியிலை இருந்து அண்மையிலை ஓய்வு பெற்ற ஒரு ஆளை எனக்கே தெரியும். அந்த ஆளின்ரை ஓய்வூதியக் கோப்பு பணிப்பாளரின்ரை அலுவலகத்துக்குள்ளைதான் இழுபட்டுக்கொண்டு கிடந்தது. சரி, வேறை பக்கத்து ஆள் எண்டு சொல்லுவம் எண்டால், அங்கையும் ஒருத்தர் இருக்கிறார். ஆம்பிளை எண்டு சொன்னால், அந்தக் கரையிலை இருந்து வேலைக்கு வந்த ஆம்பிளை உத்தியோகத்தரும் ஒருத்தர் இருக்கிறார், ரெண்டு குஞ்சுப் பிள்ளையள். பெரிய நாட்டிலை எண்டால் பொய்யாய் ஒரு பக்கம் கையைக் காட்டினால் அது வெறுங்காத்திலை போகும். எங்கடை குடாநாட்டிலை எந்தப் பக்கம் கையைக் காட்டினாலும் அங்கை உயிரோடை ஒரு ஆள் நிக்குது. அவவைக் காப்பாத்த நான் இன்னொரு வீட்டிலை போய்க் கல்லெறியவேணும்.

வேறை வழியே தெரியேல்லை. அப்பதான் எனக்குக் கோவம் வந்தது. மோகனிலையும் இல்லை, பணிப்பாளரிலையும் இல்லை. நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஆளைத் தேடிக்கொண்டு நிக்கிறம், வசனத்தை மறந்துபோனம் எண்ட கோவம்.

“சேர்” எண்டன். என்ரை குரல் எனக்கே கொஞ்சம் பலமாய்த்தான் கேட்டது. “நீங்கள் கேக்கிறது சொன்ன ஆளைப் பற்றி. நான் கேக்கிறது சொன்ன விசயத்தைப் பற்றி. உந்த வசனம் பிழையோ?”

“பிழை சரி வேறை விசயம், மடம். சொல்லுற ஆளின்ரை தகுதி...”

“தகுதி கிடக்கட்டும். பிழையெண்டால் சொல்லுங்கோ, இப்பவே இந்த இடத்திலையே எடுத்துவிடுறம். அந்தக் கூட்டத்துக்குப் போன சனம் இங்கை இருக்குது. அவையைக் கேட்டால் தெரியும்.”

சொல்லிப்போட்டு ஒலிவாங்கியைக் கொண்டு போய்ச் சம்மாட்டியாரிட்டைக் குடுத்தன். குடுத்த பிறகுதான் செய்தது எவ்வளவு ஆபத்தெண்டு விளங்கினது. ஏனெண்டால் அவ அந்தக் கரைப் பிள்ளை. சம்மாட்டியார் அவவைத் தூக்கி வளத்த ஆள் மாதிரி. இவர் வாய் திறந்து, “எங்கடை பிள்ளை சொன்னால் அது சரியாய்த்தான் இருக்கும்” எண்டு நெஞ்சை நிமித்திச் சொல்லிப்போட்டால்? சொல்லக்கூடிய மனிசன்தான். கரை ஆக்களுக்குத் தங்கடை பிள்ளை படிச்சு உத்தியோகம் பாக்கிறதிலை அப்பிடி ஒரு பெருமை, அப்பிடி ஒரு புழுகம்.

மனிசன் எழும்பி நிண்டார். ஒருக்கால் மெல்லத் திரும்பி யன்னல் பக்கம் பாத்தார். பிறகு முன்னாலை திரும்பித் தொண்டையைச் செருமினார்.

“முதல் ஒண்டு. தேத்தண்ணி இன்னும் வரேல்லை.”

சபை கொல்லெண்டு சிரிச்சுது. பணிப்பாளரும் சிரிச்சார்.

“ரெண்டாவது. உதைச் சொல்லுறதுக்கு ஒரு ஒபிசர் வேணுமே? கூட்டத்துக்கு நாங்கள் போகேக்கை கட்டிடத்துக்கெண்டு கல்லுக் கொண்டுவந்து இறக்கிக் கிடந்தது. கதிரை காணாது. அந்தக் கல்லுக்கு மேலை இருந்துதான் நாங்கள் உங்கடை கூட்டத்தைக் கேட்டனாங்கள். எந்த இடத்திலை மண்டபம் வேணும் எண்டு எங்களைக் கேக்கிறியள், நாங்கள் இருக்கிறது மண்டபத்துக் கல்லிலை. அண்டைக்குக் கரையிலை நிண்ட நாய்க்கும் தெரியும் எல்லாம் முடிஞ்சுதெண்டு.” மோகனைப் பாத்துக் கையை நீட்டினார். “இந்தத் தம்பி என்னட்டையும் வந்தவர். நானும் இதைத்தான் சொன்னனான். தம்பி, என்ரை கதையை ஏன் எழுதேல்லை?”

பின்னாலை இருந்து இன்னொரு ஆள் எழும்பி, “என்னட்டையும் வந்தவர், நானும் சொன்னனான்” எண்டார். பேந்து ஒரு அம்மா. பேந்து ரெண்டு மூண்டு பேர் ஒண்டாய். “கல்லு என்ரை சீலையைக் கிழிச்சுப்போட்டுது” எண்டு அந்த அம்மா சொல்ல, சபை திருப்பிச் சிரிச்சுது. சத்தம் அடங்கேக்கை, ‘ஓர் உத்தியோகத்தர்’ ஆர் எண்ட கதை எங்கையோ போயிட்டுது. பணிப்பாளர் குனிஞ்சு ஏதோ எழுதுற மாதிரிப் பாவனை பண்ணினார்.

இடைவேளையிலை அவரே தேத்தண்ணிக் கோப்பையோடை என்னட்டை வந்தார். “மடம் கெட்டிக்காரி” எண்டார் மெதுவாய். “எனக்கு ஆரெண்டு விளங்கீட்டுது. ஆனால் என்ன செய்யிறது? ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டுது. இனி ஒரு ஆளைப் பிடிச்சு, நீதான் வெளியிலை சொன்னனி எண்டு கேக்கேலாது.”

அந்த இடத்திலை எனக்கு வந்த பயமும் ஆத்திரமும் கொஞ்சநஞ்சமில்லை. அவ்வளவு பண்பாய்க் கதைக்கிறார், சீனி போதுமோ எண்டு வேறை கேக்கிறார். “விளங்கினதை உங்களோடையே வைச்சிருங்கோ, சேர்” எண்டு மட்டும் சொன்னன்.

மோகனை நான் பிறகு விறாந்தையிலை பிடிச்சன். முகம் வெளிறிப்போய் நிண்டார். “மடம், நான் பேர் சொல்லேல்லையே” எண்டார்.

“பேரைத் தவிர மிச்சம் எல்லாத்தையும் சொல்லிப்போட்டு நிக்கிறாய்! அவர் உன்னட்டை ஆய்வைப் பற்றியே கேட்டவர்? எவ்விடம், ஆற்றை பிள்ளை எண்டு கேட்டவர். நீயும் நல்ல பிள்ளையாய்ச் சொல்லிக்கொண்டு நிண்டனி.”

பெடியன் அழுதுபோட்டார். நான் அதுக்குப் பிறகு ஏசேல்லை. அவரிலை மட்டும் பிழை சொல்லேலாது. பெரியாக்கள் ‘தம்பி’ எண்டு கூப்பிட்டு ஒண்டைக் கேட்டால் மறுமொழி சொல்லாமல் நிக்கிறது மரியாதைக் குறைவு எண்டு வீட்டிலை பழக்கி வைச்சிருக்கினம். அதோடை, தான் தகவல் எடுத்த ஆள் நல்ல ஆள் எண்டு காட்டுற ஆசை. இந்த ரெண்டும் சேர்ந்தால் உலகத்திலை எந்த நெறிமுறைக் குழுவும் காப்பாத்தாது. கேள்வி கேக்கிறவர் கோவமாய்க் கேட்டால் நீங்கள் விழிப்பாய் இருப்பியள். சிரிச்சுக்கொண்டு கேக்கேக்கைதான் கவனமாய் இருக்கவேணும். “அது சொல்லேலாது, சேர்” எண்ட வசனத்தைக் கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு சொல்லிப் பழகுங்கோ. நான் பகிடிக்குச் சொல்லேல்லை. என்னோடை வேலை செய்தவையை நான் அதுக்குப் பிறகு அப்பிடித்தான் பழக்கினனான்.

மற்றது, சம்மாட்டியார் கேட்ட கேள்வி. “என்ரை கதையை ஏன் எழுதேல்லை?” அண்டைக்கு எல்லாரும் சிரிச்சதிலை அது ஒருத்தருக்கும் கேக்கேல்லை. எனக்குக் கேட்டது. அவர் சொன்னதும் அவ சொன்னதும் ஒண்டுதான். மோகன் ரெண்டையும் பதிவு செய்து வைச்சிருந்தவர். ஆனால் உத்தியோகத்தர் சொன்னதெண்டால் சபையிலை பாரமாய் இருக்கும் எண்டு அதைத் திரையிலை போட்டார். எங்கடை துறையிலை இது ஒரு பெரிய வியாதி, பிள்ளையள். கதிரையிலை இருக்கிற ஆள் சொன்னால் அது சான்று, கரையிலை நிக்கிற ஆள் சொன்னால் அது முறைப்பாடு. அந்த வியாதியாலைதான் ஊரெல்லாம் வெளிச்சமாய்த் தெரிஞ்ச ஒரு விசயத்தைக் கொண்டு போய், வெளியிலை சொல்லேலாத ஒரு மனிசியின்ரை கழுத்திலை கட்டினம். பத்துப் பேர் பகிரங்கமாய்ச் சொல்லத் தயாராய் இருக்கிற ஒண்டுக்கு, இரகசியமாய்ச் சொன்ன ஒரு ஆளை இழுக்காதேங்கோ. இழுக்கவே வேணும் எண்டால், அந்த ஆளுக்கு முன்னாலை அந்த வசனத்தை வாசிச்சுக் காட்டுங்கோ. “இதை வாசிச்சால் உங்கடை கந்தோரிலை ஆர் எண்டு நினைப்பினம்?” எண்டு கேளுங்கோ. அவைக்குத்தான் தெரியும் தங்கடை அலுவலகம்.

அவவுக்கு என்ன நடந்தது எண்டு கேப்பியள். அண்டைக்கு அவ தேத்தண்ணியும் குடிக்காமல் போயிட்டா. நான் கொஞ்ச நாளாய் நித்திரை இல்லாமல்தான் இருந்தன். ஆர் கதவைத் தட்டினாலும், மாற்றம் வந்திட்டுது எண்டு அவதான் அழுதுகொண்டு நிக்கிறா எண்டு நினைப்பன். மாற்றம் வரேல்லை. பணிப்பாளர் சொன்ன மாதிரி, அவருக்கு ஆளைத் தெரிஞ்சிருந்தது, ஆனால் பிடிக்கிறதுக்குப் பிடி இருக்கேல்லை. அவ ஊரிலையே இருந்தா, தகப்பனைப் பாத்தா. எங்கடை துறையிலை இதைத் தெரிஞ்ச ஒண்டு ரெண்டு பேர், “மடம் அண்டைக்கு நல்லாய்ச் சமாளிச்சவ” எண்டு இண்டைக்கும் சொல்லுவினம். நானும் கொஞ்ச நாள் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு திரிஞ்சன்.

பிறகு அதே கரையிலை ஐஸ் போட்டு மீன் வைக்கிற ஒரு பெரிய குளிரறை கட்டப்போகினம் எண்டு கதை வந்தது. இந்தமுறை எப்பிடி முடிவு எடுக்கினம், முந்தினதிலை இருந்து ஏதாவது படிச்சினமோ எண்டு பாக்க எனக்கு ஆசை. எங்கடை துறைக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வேறை என்ன? பஸ் எடுத்து, தனியாய் அவவின்ரை வீட்டுக்குப் போனன். மோகனைக் கூட்டிக்கொண்டு போகேல்லை.

என்னைக் கண்டவுடனை படலைக்கு ஓடி வந்தா. முகம் எல்லாம் சிரிப்பு. “மடம், வாங்கோ, வாங்கோ, இந்த வெயிலுக்குள்ளை” எண்டு கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனா. தகப்பனுக்கு என்னை அறிமுகப்படுத்தினா. கதிரையைத் துடைச்சுப் போட்டா. பனங்கட்டியோடை தேத்தண்ணி வந்தது. மழை, பனி, கந்தோரிலை புதுசாய் வந்த ஆக்கள், மீன் விலை எண்டு எல்லாம் கதைச்சம்.

பிறகு நான் கேட்டன். “அந்தக் குளிரறை விசயம். இடம் முடிவாகிட்டுதோ, இல்லாட்டி இனித்தானோ?”

“எல்லாம் சுற்றறிக்கைப்படி நடக்குது, மடம்.”

“அது சரி. சனத்தோடை கதைச்சவையோ?”

“சுற்றறிக்கையிலை அதுவும் இருக்கு, மடம்.”

“நான் எழுதுறதுக்குக் கேக்கேல்லை. எனக்குத் தெரியிறதுக்குத்தான் கேக்கிறன்.”

அவ எழும்பி வந்து எனக்குக் கிட்ட இருந்தா. “மடம், பிழையாய் நினைக்காதேங்கோ. நீங்கள் அண்டைக்குச் செய்ததை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டன். நான் அப்பாவோடை இருக்கிறது உங்களாலைதான். உங்களைக் கண்டால் எனக்கு உண்மையாய்ச் சந்தோசம். ஆனால் நீங்கள் கேள்வி கேக்கத் தொடங்கினால் எனக்குக் கை குளிருது. இஞ்சை பாருங்கோ.”

கையை என்ரை கையிலை வைச்சா. மெய்யாய்க் குளிர்ந்துதான் இருந்தது, அந்த வெயிலுக்குள்ளை. பேனையைப் பைக்குள்ளை வைச்சன். “இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊத்தட்டே, மடம்?” எண்டா. ஓம் எண்டன்.

அந்தக் குளிரறையை இப்ப கட்டி முடிச்சிட்டினம். அதின்ரை இடத்தை ஆர், எப்ப, எப்பிடி முடிவு செய்தது எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. தெரிஞ்ச ஆள் எனக்குத் தேத்தண்ணி ஊத்தித் தந்து, படலை வரைக்கும் வந்து வழியனுப்பி விட்டவ.